நடுக்கோட்டுக்கு விட்ட கடப்பு

உங்களில் கிளித்தட்டு ஓடியவர்கள் கையை உயர்த்துங்கள். தோள்மூட்டு நோகிறதென்றால் வேண்டாம், மனதுக்குள் உயர்த்தினாலே போதும். நம் வயதில் இப்போது யாரைக் கண்டாலும் சீனி எவ்வளவு, பிரசர் எவ்வளவு என்றுதான் கதை தொடங்குகிறது. இன்றைக்கு அதையெல்லாம் ஒரு பக்கம் வைத்துவிட்டு ஒரு பங்குனி மாதத்தைப் பற்றிச் சொல்லப்போகிறேன். நினைத்தாலே எனக்குக் கால் பரபரக்கிறது.

நாவற்குடாவில், வாவிக்கு இறங்கிப் போகும் ஒழுங்கையில் எங்கள் வீடு. எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண் பிள்ளைக்குத்தான் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒரே வளவை இரண்டாக்கி, மேற்குப் பாதி மூத்தவளான பெரியம்மாவுக்கு, கிழக்குப் பாதி இளையவளான அம்மாவுக்கு. நடுவில் ஒரு கிடுகு வேலி. ஆண்கள்தான் எங்கெங்கிருந்தோ கலியாணம் முடித்து வந்து சேர்ந்தவர்கள். அப்பா வந்தது மாங்கேணியிலிருந்து. கடற்கரை ஊர்க்காரர் என்பதால் எங்கள் வீட்டில் கருவாட்டுக்குப் பஞ்சம் இருந்ததில்லை.

கிடுகு வேலியை அழகு என்று சொல்பவர்கள் கிடுகு பின்னியிருக்க மாட்டார்கள். ஓலையை வாவியில் ஊறப்போட்டு எடுத்தால் வருகிற நாற்றம் தலைமயிருக்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்ளும். விரலிடுக்கு வெட்டுப்படும். ஆனால் அந்த வேலியில் எங்களுக்குப் பிடித்த ஒன்று உண்டு. ஒவ்வொரு வருடமும் சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னால் அதைப் பிரிப்பார்கள். பழைய கிடுகை இழுத்து விழுத்தும்போது தேளும் பூரானும் சிதறி ஓடும், நாங்கள் கத்திக்கொண்டு தள்ளி ஓடுவோம், தூசு அடங்கிப் பார்த்தால் உலகம் திடீரென்று இரண்டு மடங்காகிவிட்டிருக்கும். எங்கள் குசினியிலிருந்து பெரியம்மாவின் குசினி தெரியும். பெரியம்மா வீட்டு முற்றத்து மணலும் எங்கள் முற்றத்து மணலும் ஒரே வெள்ளையாய் நீண்டு கிடக்கும். புதுக் கிடுகு பின்னி முடியும் வரைக்கும் அந்த நிலம் எங்களுடையது. அதில்தான் கிளித்தட்டு.

ஓடாமல் வளர்ந்த பாவப்பட்டவர்களுக்காகச் சொல்கிறேன். நீளமான கட்டம், குறுக்கே தட்டுகள் என்கிற கோடுகள், நெடுக ஒரு நடுக்கோடு. ஒவ்வொரு தட்டிலும் ஒரு ஆள் நின்று மறிக்கவேண்டும். நடுக்கோட்டில் ஓடுகிறவர் கிளி. மற்றக் கூட்டம் அடிபடாமல் எல்லாத் தட்டையும் கடந்து போய்த் திரும்பி வரவேண்டும். கிளி யாரையும் அடிக்கலாம், ஆனால் கால் கோட்டை விட்டு வெளியே போகக் கூடாது. போனால் அந்த அடி செல்லாது. இந்தக் கட்டம் எங்கள் வளவில் மட்டும் கீறினால் கிணற்றில் முட்டும், பெரியம்மாவின் வளவில் மட்டும் கீறினால் தென்னையில் முட்டும். இரண்டையும் சேர்த்தால்தான் அளவு சரி. வேலி நின்ற இடம் நடுத்தட்டாகிவிடும்.

அப்பா வாளியில் வாவிச் சேறு அள்ளி வந்து எங்களுக்குக் கோடு போட்டுத் தருவார். வெள்ளை மணலில் கறுப்புக் கோடு! காய்ந்ததும் சோற்றுப் பானையின் அடி மாதிரி இறுகிவிடும், வெறுங்காலில் மிதித்தால் குளிரும். எங்கள் கிளி, பெரியம்மாவின் மகள். எனக்கு அக்கா. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் நடுக்கோட்டில் நின்று கையைத் தட்டினால் நான் ஓடிப்போய் என் தட்டில் நின்றுவிடுவேன். அப்படி ஒரு கிளியை நான் பிறகு கண்டதில்லை.

ஆனால் நான் சொல்லும் அந்த வருடம் அம்மாவும் பெரியம்மாவும் கதைப்பதில்லை.

தைப்பொங்கலன்று தொடங்கியது. பெரியம்மா வழக்கம்போல் தட்டில் பொங்கல் புக்கை வைத்து, வாழையிலையால் மூடி அனுப்பினாள். அம்மா அதை எங்கள் பாத்திரத்தில் கொட்டிவிட்டு, எங்கள் புக்கையை அதே தட்டில் வைக்கக் கரண்டியை எடுத்தாள். அந்த நேரம் பார்த்து மாங்கேணியிலிருந்து ஒருவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வேலி வாசலான கடப்படியில் வந்து நின்றார். அப்பாவின் பெரியம்மா காலமாகிவிட்டார் என்று சொன்னார். அப்பாவைப் பெற்றவள் அவர் தவழும் வயதிலேயே போய்விட்டாள். எடுத்து வளர்த்தவள் இந்தப் பெரியம்மாதான். அப்பா போட்டுக்கொண்டு போகச் சேட்டைத் தேடினார். கையில் சேட்டை வைத்துக்கொண்டே தேடினார். அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். சாவு விழுந்தால் துடக்கு, தீட்டு. துடக்கு வீட்டிலிருந்து தின்னும் பண்டம் வெளியே போகக் கூடாது. தட்டைக் கழுவி, வெறுமையாகத் தம்பியின் கையில் கொடுத்து அனுப்பினாள்.

வெறுந்தட்டுத் திரும்பி வருவது எங்கள் வீடுகளில் என்ன அவமதிப்பு என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒன்றுமில்லாவிட்டாலும் ஒரு பிடி சீனியாவது வைத்துத்தான் கொடுப்போம். தம்பிக்குச் சேதி சொல்லும் வயதில்லை, தட்டைப் பெரியம்மாவின் குசினி வாசலில் வைத்துவிட்டுப் பட்டம் பார்க்க ஓடிவிட்டான். பெரியம்மா வேலிக்கு வந்தாள்.

“ஏன்கா தட்ட வெறுசா அனுப்பின?”

“மாங்கேணியில அவர்ட பெரியம்மா மோசம் போயிட்டாவாம். எங்களுக்குத் துடக்கு.”

பெரியம்மா அதோடு போயிருக்கலாம். போகவில்லை. “அது அவர்ட குடிகா. உனக்கும் எனக்கும் ஒரு குடி. அவர்ட குடியில செத்தா உனக்கென்ன துடக்கு?” என்றாள்.

குடி என்பது குலம் மாதிரி, தாய் வழியில் வருவது. நானும் தம்பியும் அம்மாவின் குடி. அப்பா அந்த வீட்டிலேயே உண்டு உறங்கினாலும் குடிக் கணக்கில் வேறு. பெரியம்மா சொன்னது அவளுடைய கணக்கில் சரிதான். ஆனால் வேலிக்கு இந்தப் பக்கம் அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார். அவர் காதில் விழுந்தது.

“என்ட புருசன வளத்தவ. அவ எனக்கு ஆருமில்லையா?” என்று அம்மா கேட்டாள். அதுதான் அவர்கள் கதைத்த கடைசிக் கதை.

துடக்குக் கழிந்தது, மாசி போனது, பங்குனி வந்தது. வேலியையும் பிரித்தார்கள். பிரித்த பிறகுதான் வேடிக்கை. வேலி இருந்தபோது கதைக்காமல் இருப்பது சுலபம். இப்போது இருவரும் நாள் முழுக்க ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே கதைக்காமல் இருக்கவேண்டும். தேங்காய் துருவ உட்கார்ந்தால் அம்மா கிழக்கே திரும்பி உட்காருவாள், பெரியம்மா மேற்கே. கோழி மாறிப் போய்விட்டால் தம்பியைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்துவார்கள். “அங்க சொல்லு, சேவல் இஞ்ச நிக்கிது எண்டு” என்று பெரியம்மா சொல்வாள். அம்மாவுக்கு அது நன்றாகவே கேட்கும். ஆனாலும் தம்பி திரும்பி நின்று ஒரு எழுத்து விடாமல் சொன்ன பிறகுதான் அம்மா பதில் சொல்வாள். தம்பிக்கு அந்த வேலை பெரிய உத்தியோகம் மாதிரி. விளையாடக் கூப்பிட்டாலும் வரமாட்டான்.

பிறகு ஒருநாள் டிராக்டர் ஒன்று ஒழுங்கைக்குள் திணறித் திணறி வந்து பெரியம்மாவின் முற்றத்தில் சீமெந்துக் கற்களைக் கொட்டியது. இனிக் கிடுகு இல்லையாம், மதிலாம். எங்கள் ஒழுங்கையின் முதல் மதில்! மற்றப் பிள்ளைகள் கற்களின்மேல் ஏறிக் குதித்தார்கள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். கிடுகு என்றால் அடுத்த பங்குனியில் பிரிப்பார்கள். மதிலை யார் பிரிப்பது? எங்கள் கட்டம் இரண்டு துண்டாகிவிடும். அக்கா இனி எங்கே கிளி நிற்பாள்?

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. பக்கத்து ஒழுங்கைக் கூட்டத்தோடு போட்டி பேசியிருந்தோம். புத்தாண்டு பின்னேரம், எங்கள் நிலத்தில். அவர்களின் தலைவன் ஒரு நெட்டையன், எட்டு வைத்தால் ஒரு தட்டைத் தாண்டுகிற ஆள். போன வருடம் அவர்கள் நிலத்தில் எங்களைத் தோற்கடித்துவிட்டு ஒழுங்கை முழுக்கத் தகரம் தட்டிக்கொண்டு போனார்கள். மேசன் புத்தாண்டுக்கு முன்னால் வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது. காலையில் எழும்பினால் நான் முதலில் பார்ப்பது மேசனின் சைக்கிள் நிற்கிறதா என்றுதான். இல்லையென்று கண்டால் அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் யார் அடித்தாலும் நோகாது.

புத்தாண்டுக்கு இரண்டு நாள் இருக்கும்போது சைக்கிள் நின்றது. நூல் கட்டி, முளையடித்து, மேசன் அத்திவாரம் வெட்டத் தொடங்கினார். எங்கள் நடுத்தட்டு இருந்த இடத்திலேயே, என் இடுப்பளவு ஆழத்துக்கு. அதைவிட எனக்குப் பொறுக்காதது, நூலின் மறுநுனியைப் பிடித்துக்கொண்டு நின்றது அப்பா. மண்வெட்டியும் பிடித்தார். ஒழுங்கையில் போனவர்கள் இந்த மனிசனுக்கு ரோசமில்லையோ என்று கதைத்தார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, “வெட்டுறதெண்டா நேரா வெட்ட வேணும் மகள்” என்று மட்டும் சொன்னார். அவர் அந்தக் குழியை வெட்டிய நேரமெல்லாம் பெரியம்மா தன் குசினி யன்னலால் பார்த்துக்கொண்டே இருந்தாள் என்பதை நான் கண்டேன். அதற்கு என்ன அர்த்தம் என்று யோசிக்கிற வயது எனக்கில்லை.

அத்திவாரம் வெட்டி முடிந்ததோடு மேசன் புத்தாண்டுக்கு ஊருக்குப் போய்விட்டார். குழியும் அதன்மேல் போட்ட ஒரு பலகையும்தான் மிச்சம். நான் அழுதேன். அக்கா அழவில்லை. குழியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பிறகு பலகையை இழுத்து நடுக்கோட்டுக்கு நேராக வைத்தாள். குழி நடுத்தட்டு, பலகை கிளி ஓடுகிற வழி, குழிக்குள் நின்று மறிப்பது நீ என்று என்னைக் காட்டினாள். எனக்குக் கண்ணீர் காய முன்னமே சிரிப்பு வந்துவிட்டது.

புத்தாண்டு விடிந்தது. கோயிலில் தரும் மூலிகை மருத்துநீர் வைத்துக் குளித்த தலையோடு பிள்ளைகள் எல்லாம் மணத்துக்கொண்டு திரிந்தோம். எங்கள் வீட்டில் சாவு விழுந்த வருடம் என்பதால் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை. பெரியம்மா வீட்டிலோ விடிய முன்னமே பயற்றம் பணியாரமும் அரியதரமும் கொக்கிசும். மறிக்க வேலி இல்லை, மணம் நேரே எங்கள் மூக்குக்குள் வந்தது. தட்டு வரவில்லை. அக்கா பாவாடை மடிப்பில் கொண்டுவந்த ஒரு அரியதரத்தை நானும் தம்பியும் கிணற்றடியில் பிய்த்துத் தின்றோம்.

பின்னேரம் நெட்டையனின் கூட்டம் வந்தது. குழியைக் கண்டதும் நிலம் பழுது, எங்கள் நிலத்துக்கு வாருங்கள் என்றார்கள். பயமா என்று அக்கா கேட்டாள். அவர்கள் அப்படியே கட்டத்துக்குள் இறங்கினார்கள். ஒழுங்கையே திரண்டு வந்து சீமெந்துக் கற்களின்மேல் இடம் பிடித்தது. அம்மா எங்கள் வாசலில், பெரியம்மா புதுச்சேலையோடு அவள் வாசலில். நான் குழிக்குள் நின்றேன். கண்ணுக்கு நேரே எல்லாரின் முழங்கால்களும் ஓடின! மணல் வாய்க்குள் விழுந்தது, யாரோ என் தலைக்கு மேலால் பாய்ந்தார்கள், நான் எட்டிப் பிடித்த காலில் ஒன்று வழுக்கிப் போனது, ஒன்று அகப்பட்டது. பலகை அக்காவின் ஓட்டத்துக்குத் தடதடவென்று அதிர்ந்தது. இத்தனை வருடத்தில் நான் கலியாணம் முடித்தேன், பிள்ளை பெற்றேன், கடல் தாண்டிப் போய் வந்தேன். அந்தக் குழிக்குள் நின்றபோது இருந்த சந்தோசத்தை எதோடும் ஒப்பிடமாட்டேன்.

கடைசியில் நெட்டையன் மட்டும் மிச்சம். அவன் குழியைத் தாண்டித் திரும்பி வந்து சேர்ந்தால் அவர்களுக்கு வெற்றி, அடிபட்டால் எங்களுக்கு. அவன் பாய்ந்தான். அக்கா பலகை நுனியிலிருந்து எட்டி அவன் முதுகில் ஓங்கி அடித்தாள். சத்தம் வாவி வரைக்கும் கேட்டிருக்கும்.

கால் வெளியே போய்விட்டது, அடி செல்லாது என்று நெட்டையன் சொன்னான். போகவில்லை என்று நாங்கள் சொன்னோம். கோட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்றால் அதற்குள் எல்லாரும் ஓடிவந்து மிதித்துச் சேறும் மணலும் ஒன்றாகிவிட்டது. மிகக் கிட்ட நின்றவள் நான், ஆனால் நான் கண்டது நெட்டையனின் குதிகாலை மட்டும். தள்ளுமுள்ளு வந்துவிடும் போலிருந்தது. அப்போதுதான் நெட்டையன் இரண்டு வாசலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

“இவங்கட அம்மாமார் ரெண்டு பேரயும் கேப்பம். கதைக்காத ஆக்கள், சேந்து பொய் சொல்ல மாட்டாங்க.”

அவ்வளவு பகிரங்கமாக அதை யாரும் சொன்னதில்லை. முதலில் பெரியம்மாவைக் கேட்டார்கள். அவள் கிளியைப் பெற்றவள். கால் வெளியே போனதுதான், நான் பார்த்தேன் என்றாள். அக்காவின் முகம் செத்துப்போனது. பிறகு அம்மாவிடம் திரும்பினார்கள்.

“இல்ல” என்றாள் அம்மா. “புள்ளைட கால் கோட்டுலதான் நிண்டது.”

சொந்த மகளுக்கு எதிராகத் தாய் சொல்கிறாள், கதைக்காதவளின் மகளுக்காக இவள் சொல்கிறாள். நெட்டையனுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. பெரியம்மா தம்பியைத் தேடினாள். தம்பி கற்குவியலின் உச்சியில் இருந்தான். அவன் இறங்கி வரும்வரை அவளால் பொறுக்க முடியவில்லை.

“உனக்குக் கண் தெரியல்லையா கா?”

“எனக்கு நல்லாத் தெரியும். அந்தக் காலத்தில நீ கிளி நிண்டு கால வெளியால வெச்சதும் எனக்குத் தெரியும்.”

“நான் வெச்சனா?”

“வெச்சிட்டு இல்லெண்டு நிப்ப.”

வைத்தாளா இல்லையா என்று காட்டுவதற்குப் பெரியம்மா புதுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பலகையில் ஏறினாள். அப்படியென்றால் நான் ஓடிக் காட்டுகிறேன் என்று அம்மா எங்கள் பக்கத்திலிருந்து இறங்கினாள். அம்மா ஓடுவாள் என்று அதுவரை எனக்குத் தெரியாது. குழியை அவள் தாண்டினாள்! பெரியம்மா பலகையில் பக்கவாட்டாய் ஓடி அவள் தோளில் அடித்தாள், பலகை சரிந்தது, இருவரும் குழிக்குள், என்மேல். மூன்று பேரும் எழும்ப முடியாமல் கிடந்தோம். அவர்கள் கால் வெளியே போனதா இல்லையா என்று அங்கேயே கிடந்து சண்டை பிடித்தார்கள். நான் தலையைத் தூக்கிப் பார்த்தபோது அப்பா சீமெந்துக் கற்களின்மேல் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். தைக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான்.

போட்டியில் யார் வென்றது என்று இன்றுவரை முடிவில்லை. நெட்டையனைக் கேட்டால் அவன் ஒரு கதை சொல்வான். அன்று இருட்டுப்படும் நேரம் பெரியம்மாவிடமிருந்து தட்டு வந்தது. அம்மா பணியாரத்தை எடுத்துக்கொண்டு, தட்டில் ஒரு பிடி சீனி வைத்துத் திருப்பி அனுப்பினாள். தம்பி கொண்டு போனான், உத்தியோகம் போன துக்கத்தோடு.

மதிலைக் கட்டாமல் விட்டார்கள் என்று நினைக்காதீர்கள். கல் வாங்கிய வீட்டில் மதில் எழும்பத்தான் செய்யும். மேசன் திரும்பி வந்து முதல் வரிசை வைத்தபோது பெரியம்மா வந்து நின்று, “நடுக்கோடு வாற இடத்த விட்டுட்டுக் கட்டு” என்றாள். கதவு போடுவதா என்று மேசன் கேட்டார். கதவு எதற்கு என்று கேட்டாள். அப்பா அப்போதும் நூலின் மறுநுனியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்.

இப்போது ஒழுங்கை முழுக்க மதில். காப்பெட் போட்ட பாதையில் ஆட்டோ சத்தமில்லாமல் வந்து நிற்கிறது, சில மதில்களில் கமெராவும் இருக்கிறது. நான் குறை சொல்லமாட்டேன். ஆடு வந்து பூங்கன்றைத் தின்பதில்லை, தேளும் இல்லை. அம்மாவின் வீடு இன்றைக்கு என் வீடு, பெரியம்மாவின் வீடு அக்காவின் வீடு. மதிலில் விட்ட அந்தக் கடப்புக்குக் கேற் போட்டால் பாதுகாப்பென்று பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து சொல்லிப் பார்க்கிறார்கள். போன சித்திரைக்கு லீவில் வந்த பேரப்பிள்ளைகளுக்காக அதற்குள்ளால் நடுக்கோடு கீறினோம். அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கிளி நின்றாள். பத்து நிமிடம்தான், பிறகு கதிரை கேட்டாள், கதிரையைக் கோட்டின்மேல் போட்டு உட்கார்ந்துகொண்டே இரண்டு பேரை அடித்தாள்.

ஒன்று சொல்ல மிச்சமிருக்கிறது. அப்பா காலமானது எனக்குக் கலியாணம் முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு. செத்த வீடு முடிந்த கிழமையில் நெட்டையனின் மனைவி, பிள்ளைக்கு முதல் பல் முளைத்ததற்குப் பல்லுக் கொழுக்கட்டை அவித்ததென்று பெரியம்மாவுக்கு ஒரு தட்டுக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். சற்று நேரத்தில் அந்தத் தட்டுக் கழுவிய ஈரத்தோடு வெறுமையாய் அவளுடைய வீட்டுக்குத் திரும்பிப் போனது. அவள் முகம் சிவக்க ஓடி வந்தாள். நான் அப்போது மதிலில் விட்ட கடப்புக்குள் நின்றேன்.

“ஏன் பெரியம்மா? நாங்க என்ன பிழை விட்டம்?”

“பிழை ஒண்டுமில்ல மகள். எங்களுக்குத் துடக்கு.”

“அவர் உங்கட குடியில்லையே.”

பெரியம்மா அந்தப் பக்கம் எங்கள் வீட்டு வாசலைப் பார்த்தாள். அங்கே அம்மா வெள்ளைச் சேலையோடு உட்கார்ந்திருந்தாள்.

“என்ட தங்கச்சிட புருசன்” என்றாள். “எனக்கு ஆருமில்லையா?”